வயிறு பெருத்த விருந்தாளி

என் தாத்தா குதிரைக்காரர், அப்பா குதிரைக்காரர், நானும் குதிரைக்காரன். இலங்கை மலைநாட்டில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லாயத்தில் மூன்று தலைமுறையாக லத்தி அள்ளிய குடும்பம் எங்களுடையது. குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று இருபத்தொன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிர் ஒரே ஒரு காலையில் அடங்கியது. அது எப்படி அடங்கியது என்பதை எழுதிவைக்க இத்தனை வருடம் கூச்சப்பட்டேன். இப்போது கூச்சப்படுகிற வயதெல்லாம் போய்விட்டது.

அப்போது அறுபதுகளின் கடைசி. துரைமார் ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் மலை சுற்றத் தொடங்கிவிட்டார்கள். குதிரை வைத்திருப்பது ஆசைக்காகத்தான். எங்கள் துரைக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம். லாயத்தில் ஆறு அறைகள்; இரண்டில் அவருடைய குதிரைகள் நின்றன. மீதி நாலும் மற்றத் தோட்டத்துத் துரைமாருக்கு. ஆறு மாதம், பத்து மாதம் என்று லீவில் சீமைக்குப் போகிறவர்கள் தங்கள் குதிரையை எங்கள் லாயத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை நாங்கள் விருந்தாளிகள் என்போம். மரியாதைக்குச் சொன்ன பேர் அது. வந்து சேர்ந்ததெல்லாம் உபத்திரவம்.

பண்டாரவளையிலிருந்து வந்த ஒன்று கதவு மரத்தைக் கடித்துத் தின்னும். வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தோம். நக்கிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கடித்தது. கடைசியில் கதவின் மேல்விளிம்புக்குத் தகரம் அடித்தேன். இன்னொரு கறுப்புக் குதிரைக்குக் குடையைக் கண்டால் ஆகாது. அது இருந்த எட்டு மாதமும் குடையோடு திரிகிற கணக்கப்பிள்ளைமார் எல்லோரும் லாயத்தைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பாதையால் போனார்கள். வெலிமடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழட்டுக் குதிரை மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற எங்கள் பீலித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து வாளி வாளியாகக் குடித்தது. அதன்பிறகு நாளுக்கு நாள் கருப்பட்டியைக் குறைத்து வெறும் தண்ணீருக்குக் கொண்டுவந்தேன். இப்படி ஒவ்வொரு விருந்தாளியின் குணத்தையும் கண்டுபிடித்துச் சமாளித்ததால் ஊவா மாகாணம் முழுக்க எங்கள் லாயத்துக்குப் பேர். பேர் துரைக்கு, அதில் ஒரு பங்கு எனக்கு.

இவ்வளவு தெரிந்த எனக்கு ஒன்று மட்டும் தெரியாது. குதிரைக் குட்டியை நான் பார்த்ததே இல்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்த குதிரைகள் எல்லாம் வளர்ந்த குதிரைகள். கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, தெமோதரையில் இறங்கி வந்தவை. முக்கால்வாசி காயடித்தவை. ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷின் எப்படி வெளியிலிருந்து முழுசாக வந்து இறங்குகிறதோ, குதிரையும் அப்படித்தான் என்று ஏதோ ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்க வேண்டும். மாடு கன்று போடும், ஆடு குட்டி போடும், அதெல்லாம் நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால் தினமும் நடக்கிற காரியம். குதிரை அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஒரு ஜூன் மாதம் லுணுகலைப் பக்கத்திலிருந்து லொறியில் அந்தப் பெட்டைக் குதிரை வந்தது. செம்பழுப்பு நிறம். இடது காதின் நுனி கிழிந்திருக்கும். அதன் துரை சீமைக்குப் போய் அடுத்த ஏப்ரலில்தான் திரும்புவார் என்றார்கள். வந்த விருந்தாளிகளிலேயே அதுதான் சாது. கடிக்காது, உதைக்காது, தண்ணீரில் குறை சொல்லாது. லாயத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் மெல்லும். உபத்திரவம் இல்லாத குதிரை என்பதால் நான் அதைச் சரியாகக் கவனிக்கவே இல்லை. இப்போது நினைத்தால் அங்கேதான் பிழை தொடங்கியிருக்கிறது.

அதைக் கவனித்தது என் மனைவி. அவளுக்குக் கொழுந்து மலையில் வேலை இல்லை. லாயத்துக்குப் புல் வெட்டுகிற வேலை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அரிவாளோடு விடியற்காலையில் இறங்கினால் பத்து மணிக்கு ஒரு கட்டு, மூன்று மணிக்கு இன்னொரு கட்டு. ஆறு குதிரையின் வயிறும் அவள் தலைச்சுமையில்தான் நிறைந்தது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரே வார்த்தையில் ஆளைக் கட்டிப்போட்டுவிடுவாள். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நவம்பர், டிசம்பர் மழையில் குதிரைகளை வெளியே கொண்டுபோக முடியவில்லை. மழை விட்டு ஒருநாள் துரை லாயத்தைப் பார்க்க வந்தார். ஐந்து குதிரையைப் பார்த்துத் தலையாட்டியவர் பெட்டைக் குதிரையின் முன்னால் நின்றுவிட்டார். அதன் வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றது. வேலை வாங்காமல் புல்லைப் போட்டு ஊத வைத்திருக்கிறாய் என்று என்மேல் பாய்ந்தார். ஏப்ரலில் சொந்தக்காரர் வந்து பார்த்தால் தன் மானம் என்ன ஆவது என்று கேட்டார். புல்லைப் பாதியாக்கு, கொள்ளுத் தீனியைப் பாதியாக்கு, தினமும் ஸ்டோர்வரைக்கும் இரண்டு தடவை மேட்டில் ஓட்டு என்று கட்டளை. மார்ச் முடிவதற்குள் வயிறு இறங்காவிட்டால் லாயத்துச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் மண்வெட்டியோடு மலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். கொள்ளுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பங்களாவுக்கு எடுத்துப் போனார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று தலைமுறைப் பெருமை ஒரு குதிரையின் வயிற்றால் கெட்டுப்போகிறதே என்று அந்த வாயில்லாச் சீவன்மேல் கோபப்பட்டேன். மறுநாளே ஓட்டத் தொடங்கினேன். ஸ்டோருக்குப் போகிற பாதை நல்ல ஏற்றம். அது ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க ஏறும், நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி ஏறும். ஜனவரி முடிகிறபோது விலா எலும்பு தெரியத் தொடங்கியது. முதுகு ஒடுங்கியது. வயிறு மட்டும் இறங்கவில்லை, இன்னும் கீழே தொங்கியது.

ஒருநாள் நான் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வந்து நின்றாள். லாயத்து முற்றத்தில் இன்னொரு குதிரைக்காரனும் புல்வெட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவள் குதிரையின் விலாவில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்:

"இத ஓட்டாதீங்க. இது வயித்துல குட்டி இருக்கு. கைக்கு ஒதைக்குது."

குதிரைக்கு ஏது குட்டி, வாயுதான் உருளுது என்றேன். மடி கனக்கிறது, பாருங்கள் என்றாள். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மூன்று தலைமுறைக் குதிரைக்காரனுக்குப் புல்லுக்காரி பாடம் சொல்கிறாள் என்று அவர்கள் நாளைக்குப் பேசுவார்கள். எனக்குச் சூடு ஏறியது.

"நீ என்னா பெத்துப் பாத்தவளா? ஒனக்கு என்னா தெரியும்?" என்றேன்.

சொன்னேன். அவர்கள் முன்னால் சொன்னேன். எங்கள் லயத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். பெயர் வைக்கிற அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் போவார்கள். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போய்விடுவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் அவள் எதிரே வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடுவார்கள். அதையெல்லாம் எட்டு வருடமாகப் பார்த்து உள்ளுக்குள் வெந்தவன் நான். அப்படிப்பட்ட நானே சொன்னேன். அவள் குதிரையின் விலாவிலிருந்து கையை எடுத்தாள். புல்லுக்கட்டை அவிழ்த்து உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சமைத்தாள், போட்டாள், தண்ணீர் எடுத்தாள். கோபித்துக்கொண்டிருக்கிறாள், தானாகச் சரியாகும் என்று நான் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

பெப்ரவரியில் வெயில் காய்ந்தது. மானாப்புல் எல்லாம் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. பச்சைப்புல் வேண்டுமென்றால் ஆற்றோரம்வரை பள்ளத்தில் இறங்க வேண்டும். அந்தக் காய்ந்த வெயிலில் அவள் இரண்டு கட்டுக்குப் பதில் மூன்று கட்டுத் தூக்கியதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நேரத்தோடு லாயத்துக்குத் திரும்பியபோதுதான் பார்த்தேன். பெட்டைக் குதிரையின் அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் எங்கள் வீட்டுச் சட்டி. சோறு வடித்த கஞ்சியில் தவிட்டைக் கலந்து வைத்திருக்கிறாள். குதிரை சட்டிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் இளம்புல் ஒரு குவியல்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வயிறு இறங்காததற்குக் காரணம் இவள்தான் என்று அப்போதும் நம்பினேன், அதுதான் வேடிக்கை. துரைக்குத் தெரிந்தால் லாயமும் போகும், லாயத்து வேலைக்குக் கொடுத்த லயத்து வீடும் போகும், நாம் ரெண்டு பேரும் மலைக்குப் போக வேண்டியதுதான் என்று கத்தினேன். அவள் சட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"வேல போனா நாம மலைக்கிப் போவோம். இது எங்க போகும்?"

சட்டியைப் பிடுங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் தீனி வைப்பதைக் கண்டும் காணாதவன்போல் இருந்தேன். காலையில் துரை சொன்னபடி குதிரையை ஓட்டுவேன், மத்தியானம் அவள் சொன்னபடி அது தின்னும். இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்கப் பார்த்தேன். அதற்குப் பேர் கோழைத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச் மாதம், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிற நேரம். பனி இன்னும் விலகவில்லை, ஆனால் வெளிச்சம் வந்துவிட்டது. கடிவாளத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். பெட்டைக் குதிரையின் அறை வாசலில் என் மனைவி குறுக்கே நின்றாள். கையில் அரிவாள் இருந்தது. புல்லுக்குப் போகிற வழியில் நின்றவள்தான், ஆனாலும் அரிவாள் அரிவாள்தானே.

"இன்னிக்கி இது வெளிய போகாது," என்றாள்.

வழியை விடு என்றேன். அவள் அசையவில்லை. மடியிலிருந்து பால் சொட்டுகிறது, விடியலிலிருந்து படுப்பதும் எழும்புவதுமாக இருக்கிறது என்றாள். துரை ஸ்டோர்ப் பாதையில் நின்று பார்க்கிற நாள் அது. எனக்கு அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். குதிரையின் கழுத்தைப் பிடித்துக் கடிவாளத்தைத் தூக்கினேன். அது என்னைப் பார்த்தது. வியர்வையில் அதன் கழுத்து நனைந்து சூடாக இருந்தது. அந்தக் குளிரில் நின்றபடியே வியர்க்கிற குதிரையை நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் வாளியைக் கவிழ்த்தது மாதிரி அதன் பின்னாலிருந்து வெந்நீர் கொட்டித் தரையோடு ஓடிவந்து என் இரண்டு காலையும் நனைத்தது.

நான் கடிவாளத்தைக் கீழே போட்டேன். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

குதிரை முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் படுத்தது. நாலு காலும் விறைத்து நீண்டன. வயிறு முழுவதும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. வாலுக்கு அடியில் வெள்ளைப் பை ஒன்று தெரிந்தது. அதற்குள்ளே ஒரு குளம்பு. பிறகு இன்னொரு குளம்பு, கொஞ்சம் பின்னால். அதன் மேலே, இரண்டு முன்னங்காலின் நடுவில், நீட்டிப் படுத்த மாதிரி ஒரு மூக்கு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆயிரம் தடவை சேணம் கட்டிய உடம்பு, லாடம் மாற்றிய கால், சீப்பு வாரிய பிடரி. அதற்குள்ளே இவ்வளவு நாளும் இன்னொரு குதிரை மடிந்து படுத்திருக்கிறது. அதைத்தான் நான் மேட்டில் ஓட்டியிருக்கிறேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

என் மனைவி பின்னால் போய் உட்கார்ந்தாள். இழுக்கவில்லை. குதிரை இறுக்குகிறபோதெல்லாம் "வரட்டும், வரட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். தோள் வெளியே வந்ததும் மீதி உடம்பு ஒரே வழுக்கலில் வந்து புல்லில் விழுந்தது. பை கிழியாமல் மூக்கைச் சுற்றி ஒட்டியிருந்தது. உள்ளே அசைவில்லை. அவள் நகத்தால் கீறிப் பையைக் கிழித்தாள். இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து மூக்கையும் வாயையும் துடைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்து, ஒரு புல்லை எடுத்து மூக்குக்குள் விட்டாள். குட்டி தும்மியது. தலையை உதறியது. ஈரக்காது இரண்டும் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டன.

அப்போது தாய்க்குதிரை கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது. பார்த்து ஒரு சத்தம் போட்டது. நான் குதிரைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். பசிச் சத்தம், பயத்தின் சத்தம், கூட்டாளியைக் கூப்பிடுகிற சத்தம், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இது எதுவுமில்லை. வாயைத் திறக்காமல், நெஞ்சுக்குள்ளேயே, மெல்லமெல்ல அடித்தொண்டையில் ஒரு பேச்சு. இந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டா இந்தக் குதிரைகள் எல்லாம் இவ்வளவு நாளும் எங்களோடு இருந்தன? என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் கேட்கக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. நான் அதற்கு லாயக்கில்லாதவன் என்றும் அந்த நேரமே தெரிந்தது.

பிறகு குட்டியின் காலைப் பார்த்தேன். குளம்பென்றால் எனக்கு உயிர். எந்தக் குதிரையையும் முதலில் குளம்பில்தான் பார்ப்பேன். இதன் குளம்பு குளம்பாகவே இல்லை. அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில், பிய்த்த காளான் மாதிரி, விரல் விரலாக மெத்தென்று தொங்கியது. நாலு காலிலும் அப்படியே. தாயைப் பட்டினி போட்டு ஓட்டியதில் குளம்பு பிடிக்காமல் ஊனமாகப் பிறந்துவிட்டது, என் கையால் கெடுத்தேன் என்று நினைத்தேன். லாயத்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன்.

அவள் வந்து குட்டியின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். அந்த மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சத்தை ஒதுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என் விரலை அங்கே வைத்தாள்.

"உள்ள கெட்டியா இருக்கு, பாருங்க. இது ஒற. அம்மா வயித்தக் கிழிச்சிடக் கூடாதுன்னு ஒற போட்டு அனுப்பியிருக்கு."

தொட்டேன். உள்ளே குளம்பு இருந்தது. சின்னது, வழவழவென்று, குறையில்லாத குளம்பு. உதைத்து உதைத்துப் பதினோரு மாதம் உள்ளே கிடந்த காலுக்கு அந்த உறையைப் போட்டது யார், போட வேண்டுமென்று நினைத்தது யார்? கோயிலில் சாமி கும்பிடும்போதும் எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள். நான் இருபத்தொன்பது வருடம் தொட்டும் தெரியாதவன்.

குட்டி எழும்பப் பார்த்தது. கால்கள் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். முன்னங்காலை ஊன்றினால் பின்னங்கால் அகன்றது, பின்னங்காலைச் சேர்த்தால் மூக்கு தரையில் குத்தியது. தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் என் கையில் ஓர் அடி போட்டாள். விழுந்தது, விழுந்தது, இன்னொரு முறை விழுந்தது. பிறகு நாலு காலையும் கட்டில் மாதிரி அகட்டி வைத்து, உடம்பெல்லாம் நடுங்க, நின்றுவிட்டது. நின்ற திகைப்பில் அதுவே கொஞ்சநேரம் அசையாமல் இருந்தது. பிறகு தாயின் மார்பில் முட்டி, தொடையில் முட்டி, சுவரில்கூட முட்டி, கடைசியில் மடியைக் கண்டுபிடித்தது. அந்த மெத்தை விரல்கள் புல்லில் மிதிபட்டு அப்போதே தேய்ந்து உதிரத் தொடங்கியிருந்தன.

புல்லுக்காரி இன்னும் வேலைக்கு இறங்கவில்லையே என்று அதட்டிக்கொண்டு கங்காணி வந்தார். எட்டிப் பார்த்தவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் போய்ச் சொல்லித்தான் துரை வந்தார். நான் எழுந்து நின்றேன். வேலை போகிறதென்றால் இப்போதே போகட்டும் என்று ஒரு தைரியம் வந்திருந்தது. துரை குட்டியைப் பார்த்தார், தாயின் விலா எலும்பைப் பார்த்தார், விரல்விட்டு மாதங்களை எண்ணினார். போன ஏப்ரல் பந்தயக் காலத்தில் இந்தக் குதிரை நுவரெலியாவில் நின்றதை அவரே தனக்குள் சொல்லிக்கொண்டார். அங்கே எந்தக் குதிரையோடு என்பதை அவரும் அறியார். அவருக்கு வேகம் வந்தால் தமிழ் அரைகுறையாக வரும்.

"இது யாருக்குத் தெரியும்? முந்தி யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"எம் பொஞ்சாதி சொன்னா, தொர. நாந்தான் கேக்கல. நீங்க கொறச்ச தீனியத் திருட்டுத்தனமாப் போட்டதும் அவதான்," என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் படங்கில்லாத இடுப்போடு, கையெல்லாம் இரத்தமும் நீருமாக நின்றாள். துரை தொப்பியை எடுத்தார்.

"நீ முட்டாள்," என்றார் என்னிடம். கொஞ்சம் யோசித்தார். "நானும் முட்டாள்."

அரைமணி நேரத்தில் பங்களாவிலிருந்து கொள்ளுப் பெட்டிச் சாவி வந்தது.

மாலை நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் கூடையை இறக்காமலே லாயத்துக்கு வந்தார்கள். வேலை நேரத்தில் விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தவர்களும் இருந்தார்கள். நூறு வருடத்துத் தோட்டத்தில் யாரும் பார்க்காத காட்சி. தாய் மிரளும் என்று அறைக்கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தியிருந்தோம். எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கதவின் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்து ஏற வேண்டும். ஒருவர் இறங்க ஒருவர் ஏறினார்கள். ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் பார்த்தார்கள்.

எங்கள் லயத்திலேயே நாலு வீடு தள்ளி இருந்த ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். பிறந்து ரெண்டு மாதம்தான் இருக்கும். பெயர் வைத்த அன்றைக்கு எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் சொன்னவள். கதவில் ஏறப் பார்த்தாள். ஏற இரண்டு கையும் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றது என் மனைவி. வந்தவள் உள்ளே குட்டியைப் பார்த்த கண்ணை எடுக்காமலே, "இந்தாக்கா, கொஞ்சம் புடி," என்று பிள்ளையை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள். முகத்தை மூடவில்லை. யோசிக்கவே இல்லை.

என் மனைவி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைவிட்டு ரெண்டு எட்டுத் தள்ளி வந்து நின்றாள். எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு முற்றத்தில் நான் சொன்னது பெரிய தப்பு, என்னை மன்னிச்சிடு என்று சொன்னேன். ஜனவரியிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "புள்ள தூங்குது."